அரக்கன் யார்? வாரிசு யார்?

தோற்றவனின் உருவத்தை வென்றவன் தீட்டினால் என்ன கிடைக்கும்? கோரைப் பல்லும் குருதி வாயும் கொண்ட அரக்கன் கிடைப்பான்! புராணம் பாடியோர் மட்டுமா இத்திருப்பணியைச் செய்தனர்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியலின் பெயராலும் அது நடந்தது. அன்று அகப்பட்டவன், ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன நியாண்டர்தால் மனிதன்!

1908இல் பிரான்சு நாட்டின் லா ஷப்பல்-ஓ-சேன் என்ற இடத்துக் குகையிலே ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்சலன் பூல், முழங்கால் மடங்கி, கழுத்து முன்சாய்ந்து, தள்ளாடி நடக்கும் விலங்காண்டியாக அதனைக் காட்டினார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் மேலும் ஒருபடி சென்றார். நாட்டுக்கதைகளில் உலவும் அரக்கன், இந்த மனிதனைப் பற்றிய பழைய நினைவின் மிச்சமாக இருக்கலாம் என்ற கருத்தைத் தம் உலக வரலாற்று நூலில் இடம்பெறச் செய்தார். 1921இல் அதையே சிறுகதையாகவும் ஆக்கினார்.

அந்த வரலாற்று நூலின் பகுதியையே தம் நாவலின் முகப்பில் பொறித்து, அதன் கருத்தைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டியவர் ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங். 1955இல் வெளிவந்த 'தி இன்ஹெரிட்டர்ஸ்' என்ற அந்நாவலின் பெயரைத் தமிழில் 'வாரிசுகள்' எனலாம்.

லோக் என்ற நியாண்டர்தால் இளைஞனின் கண் வழியே கதை நகர்கிறது. அவன் கூட்டத்தார் சொற்களால் எண்ணுவதில்லை. உள்ளத்தில் எழும் படங்களால் எண்ணுகிறார்கள். உயிரைக் கொல்வதில்லை, காட்டுப் பூனை கொன்ற மானைத் தின்னவும் கூசுகிறார்கள். அங்கே வருகின்றனர் புதிய மனிதர்கள் - நம் முன்னோர்! வில்லை வளைக்கிறான் ஒருவன். லோக்குக்கோ, ஒரு குச்சி குறுகி நீள்வதாகத் தெரிகிறது. அம்பு மரத்தில் தைக்கிறது. யாரோ தனக்குப் பரிசளிப்பதாக எண்ணுகிறான் அந்தப் பேதை! கொலைக்கருவியை அன்பளிப்பென்று கருதும் உள்ளத்தை ஒரே காட்சியில் காட்டிவிட்ட ஆற்றலை எப்படிப் பாராட்டுவது! இறுதிக்கு முந்திய பகுதியில் ஆசிரியர் திடீரென விலகி நின்று, நாம் இதுவரை உறவுகொண்டாடிய லோக்கை ஒரு செந்நிறப் பிராணியாகக் காட்டும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது. 'அரக்கன்' என்ற பட்டம் பார்க்கப்படுபவனிடம் இல்லை, பார்ப்பவன் கண்ணில் இருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாக உணர்த்த முடியுமா?

கலை வென்றது, கருத்து வென்றதா? இல்லை என்பதே நம் தீர்ப்பு.

அரக்கன் என்றார் வெல்ஸ். அப்பாவி என்றார் கோல்டிங். ஒருவர் இழித்தார், மற்றவர் உயர்த்தினார். மனிதன் என்று இருவருமே ஒப்பவில்லை! கோல்டிங் தீட்டுவது ஏதேன் தோட்டத்தின் மறுபதிப்பு. அறியாமை தூய்மை, அறிவு வந்தது, பாவம் வந்தது, கருவி செய்தவன் கறைபட்டான் - இதுதான் நாவலின் அடிநாதம். அறிவைக் குற்றக் கூண்டில் ஏற்றும் இந்தப் பழைய வழக்கைப் பகுத்தறிவாளர் எதிர்த்து வாதாடத்தான் வேண்டும்.

சான்று கேட்பீர்கள். ஜெர்மனியின் லேரிங்கன் என்ற இடத்தில், யானையின் விலா எலும்புகளிடையே நியாண்டர்தால் காலத்து மர ஈட்டி ஒன்று 1948இல் கிடைத்தது. நாவலுக்கு 7 ஆண்டுகள் முன்பே! ஆகவே, கொல்லா நோன்பு ஆசிரியரின் கற்பனை. நாவலில் லிக்கு என்ற சிறுமியைப் புதிய மனிதர்கள் தின்றுவிடுகிறார்கள். ஆனால், பிரான்சின் மூலா-கெர்சி குகையில் நியாண்டர்தால் மனிதர் தம் இனத்தாரையே அறுத்துத் தின்றதற்கான வெட்டுத் தழும்புகள் எலும்புகளில் உள்ளன. 1999இல் இது வெளியானது. பாவம் நமக்கு மட்டும் உரிய சொத்தன்று!

அன்பும் அப்படியே. 1957இல் ஈராக்கின் ஷானிதார் குகையில் ஒருவரது எலும்புக்கூடு கிடைத்தது. வலக்கை முடமாகி, ஒரு கண்ணும் பெரும்பாலும் பார்வையிழந்து, அந்நிலையிலும் பல்லாண்டு வாழ்ந்தவர் அவர். சுற்றத்தார் சோறிட்டுக் காத்திராவிட்டால் அது இயலுமா? அதே 1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் பூல் ஆராய்ந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்தனர். மூட்டுநோயால் வாடிய முதியவரைப் பார்த்து, ஓர் இனமே கூன் விழுந்த இனம் என்று உலகை நம்பவைத்த பிழை அம்பலமாயிற்று!

எனினும், நாவலின் முடிவில் ஒரு காட்சி நிலைத்து நிற்கிறது. லோக்கின் கூட்டத்துக் கைக்குழந்தை புதிய மனிதரின் படகில் செல்கிறது. விவானி என்ற பெண் அதற்குப் பாலூட்டுகிறாள். அஞ்சுகிறார்கள், ஆயினும் அணைக்கிறார்கள். கற்பனை தொட்ட இந்த உண்மையை அறிவியல் பின்னர் எட்டிப்பிடித்தது. 2010இல் ஸ்வாந்தே பேபோ குழுவினர் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியைப் படித்து, இரு இனத்தாரும் கலந்தனர் என்று காட்டினர்; பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ருமேனியாவின் குகையொன்றில் 2002இல் கிடைத்த தாடை எலும்புக்கு உரியவர், 4 முதல் 6 தலைமுறைக்கு முன் நியாண்டர்தால் மூதாதை ஒருவரைக் கொண்டவர் என்று 2015இல் தெரிந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபணுவில் ஏறத்தாழ 2 விழுக்காடு அவர்கள் தந்தது. ஆம், இதை எழுதும் என் உடலிலும், படிக்கும் உங்கள் உடலிலும்!

குலத் தூய்மை பேசுவோர் எங்கே? கலப்பற்ற குருதி எங்கள் குருதி என்று மார்தட்டுவோர் எங்கே? அரக்கன் என்று தூற்றப்பட்டவன் அவர்களுக்கும் பாட்டன்!

கோல்டிங்கைப் படியுங்கள். அவர் தரும் கண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் சாட்டும் பாவத்தை ஏற்காதீர்கள். அந்தப் படகில் சென்ற குழந்தையும் வாரிசுதான். அதன் வழிவந்தோர் நாம்.