முள்ளுக்கு அப்பால் நின்ற நாகர்கோவில்

சென்னையில் பண்பலை ஒலிபரப்புத் தொடங்கிய 1977-ஆம் ஆண்டுக்கு இருபது வருஷங்களுக்கு முன்பே, அந்த அலையை வாங்குவதற்கு வேண்டிய சகல உறுப்புகளோடும் மேற்கு ஜெர்மனியில் சிருஷ்டிக்கப்பட்டு, கடல் கடந்து பிழைக்கப்போய்த் திரும்பிய ஒருவருடைய சாமான்களோடு நாஞ்சில் நாட்டுக்கு வந்து சேர்ந்த பெரிய வால்வு வானொலி ஒன்றை, நாகர்கோவில் வடசேரியில் ஒரு நண்பரின் ஓட்டு வீட்டில் நெடுநாள் இயக்கிக் கேட்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. கிரண்டிக், டெலிபங்கன், சாபா முதலிய நிறுவனங்கள் அக்காலத்தில் ஒன்றையொன்று விஞ்ச முயன்று செய்த மேசைப் பெட்டிகளின் வர்க்கத்தைச் சேர்ந்தது அது. இரண்டடிக்கு மேல் அகலம், தனியாள் தூக்கத் தயங்கும் கனம்.

ஜெர்மானியர் அவ்வளவு முன்னதாகப் பண்பலைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. யுத்தத்துக்குப் பின் 1948-இல் ஐரோப்பிய நாடுகள் கோபன்ஹேகனில் கூடி மத்திய அலைகளைப் பங்கிட்டுக்கொண்டபோது, தோல்வியுற்ற அந்த நாட்டுக்குக் கிடைத்தவை மிகச் சில. ஆகவே எவரும் அவ்வளவாகக் கவனியாத உயர் அலைவெண்களை அவர்கள் நாடினார்கள். அந்நாளைய வழக்கப்படி இப்பெட்டியின் பண்பலைத் தகடு 87-இல் தொடங்கி 100 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. பாரத தேசத்தின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமையோடு 1984 அக்டோபர் 30-இல் ஏற்பட்ட நாகர்கோவில் நிலையமோ இன்று ஒலிப்பது 101-இல். பல வருஷங்கள் வெற்று இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்த ஒரு யந்திரத்துக்கு, தன் ஊரின் குரல் எழுந்த பிறகும் அது முள்ளுக்கு எட்டாத ஒரு விரற்கடைத் தூரத்தில் நின்றுவிட்டது. பழைய செட்டுகளில் பழகிய ஒரு மெக்கானிக் உள்ளே இருக்கும் டிரிம்மரைச் சிறிது திருப்பிக் கொடுத்தபின், முள் 99-ஐக் காட்டும்போது நாகர்கோவில் கணீரென்று கேட்கிறது.

அந்த நாதத்தைப் பற்றித்தான் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். முன்புறத்தில் ஒரு பெரிய முட்டைவடிவ ஸ்பீக்கரும், உச்சஸ்தாயி ஸ்வரங்களை அறை முழுவதும் பரப்பும் பொருட்டு இரு பக்கங்களிலும் சிறு ஸ்பீக்கர்களும் அமைந்திருக்க, அவற்றை இயக்குவது இ.எல்.84 என்னும் ஒற்றை வால்வு. அதன் சக்தி ஐந்தாறு வாட்டுக்கு மேற்படாது. இன்றைய விளம்பரங்களில் ஆயிரக்கணக்கில் பேசப்படும் வாட்டுகளுக்கு முன் இது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் காகிதக் கூம்பு பெரிதாகவும் இலேசாகவும் இருந்து, அதன் பின்னால் விசாலமான மரப்பெட்டியும் இருக்குமாயின், அந்தச் சொற்ப சக்தியே ஒரு கூடத்தை நிரப்பிவிடும் என்பதை இதைக் கேட்டவர் அறிவர். தவிலின் இடந்தலையில் விழும் அடியும், தம்புராவின் அடிநாதமும், நாகஸ்வரத்தின் கமகங்களும் காதை உறுத்தாமல் கம்பீரமாக வருகின்றன. பெட்டியின் பருமன் ஆடம்பரத்துக்காக அன்று, இந்தக் கம்பீரத்துக்காகவே என்பது என் உறுதியான அபிப்பிராயம். செய்தி கேட்கும்போது மாத்திரம் கீழ்ஸ்தாயி மிகுந்து வாசிப்பவர் குரல் சற்றே குகைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. அதற்கென்றே பேச்சுக்கு உரிய கட்டை ஒன்று பியானோக் கட்டைகள் போன்ற வரிசையில் இருக்கிறது, அதை அழுத்திக்கொள்ள வேண்டும்.

மத்திய அலையில் இதன் தனிச்சிறப்பு, உள்ளேயே சுழலும் பெரைட் ஏரியல். அந்தத் தண்டின் நுனி எத்திசையை நோக்குகிறதோ அத்திசையிலுள்ள நிலையம் தேய்ந்துபோகும்; பக்கவாட்டில் இருப்பது ஓங்கும். நாகர்கோவிலிலிருந்து பார்த்தால், இப்பிரதேசம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த 1943-இல் ஏற்பட்ட திருவனந்தபுரம் நிலையம் வடமேற்கிலும், 1053 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் தூத்துக்குடி வடகிழக்கிலும், ஏறத்தாழ ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமைந்திருப்பதால், இவ்வூரில் ஏரியலைத் திருப்புவது மிகுந்த பலன் தருகிறது. அண்டை வீட்டு இன்வெர்ட்டரின் கரகரப்பைக்கூட இவ்விதம் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். அலையின் வலிமையைக் காட்டும் மந்திரக் கண் என்னும் வால்வின் பச்சை ஒளி விரிந்து சுருங்குவதே வழிகாட்டி. சிற்றலை இன்று பெரிதும் வெறிச்சோடிக் கிடக்கிறது. மயில்வாகனம் போன்ற இலங்கை அறிவிப்பாளர்களுக்காகத் தென்கோடி முழுவதும் வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்திருந்த நாட்களை அறிந்தவர்களுக்கு அது வருத்தமே.

வாங்க விரும்புவோர் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பரண் மேல் கிடந்த பெட்டியை இறக்கி உடனே மின்சாரத்தில் மாட்டலாகாது. கடற்காற்றின் உப்பும், இரு பருவமழைகளின் ஈரமும் படிந்த இந்தச் சீமையில் பழைய காகிதக் கண்டென்சர்கள் கசிவது சகஜம்; இ.எல்.84-க்கு முன்னால் உள்ள கண்டென்சர் கசிந்தால், அந்த வால்வு பழுக்கச் சிவந்து, கிடைத்தற்கரிய அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். அக்கண்டென்சர்களை முதலில் மாற்றி, மின் அழுத்தத் திருகை 220-லிருந்து 240-க்கு வைப்பதே முறை. மந்திரக் கண் வால்வு மங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், செட்டை நிராகரிக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மர் போயிருந்தாலோ, மரம் எவ்வளவு பளபளத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது. அலங்காரத்துக்கு மட்டும் வைக்கக் கருதுவோருக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். நாள்தோறும் காலையில் அரை மணியேனும் இயக்கிக் கேட்பவருக்கு, நாதத்தின் நிறைவில் இதற்கு ஈடான புதிய வானொலி எதுவும் என் அனுபவத்தில் இல்லை.