பின்களை உறங்க வைக்கும் நேர்த்தி

திருவனந்தபுரம் அருகே பொன்முடி அடிவாரத்தில் இருக்கும் வித்துராவை இரண்டு பருவமழைகளும் விடுவதில்லை. அந்தச் சரிவுகளில் பேட்டரியில் ஓடும் மழைமானி வைக்க நினைப்பவர், மாதக்கணக்கில் வெயிலை நம்ப முடியாது. செல்லில் இருப்பதைச் சொட்டுச் சொட்டாகக் காப்பாற்ற வேண்டும்.

ஏடிமெகா 328பி சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 0.1 மைக்ரோஆம்பியர் அளவுதான் எடுக்கும். ஆனால் மழைமானியின் சாய்கலன் பாதியில் சிக்கி, ரீட் சுவிட்ச் மூடியபடியே நின்றுவிட்டால்? சிப்புக்குள்ளே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 30 கிலோ ஓம் என்றால், 3 வோல்ட்டில் 100 மைக்ரோஆம்பியர் ஓயாமல் தரைக்குப் போகும். சிப்பின் தூக்கத்தைப் போல ஆயிரம் மடங்கு! 225 மில்லிஆம்பியர்-மணி கொண்ட பட்டன் செல் மூன்றே மாதத்தில் காலி. கைதேர்ந்தவர் இதை முன்கூட்டியே யோசித்திருப்பார். சுவிட்ச் திறக்கவில்லை என்று தெரிந்ததும் புல்-அப்பை அணைத்து, அவ்வப்போது மட்டும் விழித்துப் பார்க்கும்படி நிரல் எழுதியிருப்பார். அந்த நாலு வரியை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

இன்னும் நுட்பமானது பின்வாசல் மின்சாரம். சிப்போடு இணைந்த ஒரு சென்சாரின் சப்ளையைத் துண்டித்த பிறகும் டேட்டா பின் உயர்நிலையில் இருந்தால், சென்சாருக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக மின்சாரம் நுழைந்து அதை அரைகுறையாக உயிரோடு வைத்திருக்கும். இப்படி ஒரு முழுச் சிப்பே ஓடியதுண்டு: 1985 ஏப்ரல் 26 அன்று கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில் முதல் ஆர்ம் சிப் ஓடியபோது, அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர் மின்னோட்டத்தை அளந்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. சிப்புக்குச் சப்ளையே போய்ச் சேரவில்லை; சிக்னல் பின்கள் வழியே கசிந்த மின்சாரத்திலேயே அது நிரலை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிப்புக்கு அது பெருமை. நம் மழைமானிக்கோ அதே கசிவுதான் எமன்.

ஆகவே வரிசைதான் அழகு: முதலில் டேட்டா பின்களைத் தாழ்த்து, பிறகு சப்ளையை நிறுத்து, விழிக்கும்போது சப்ளை முதலில், பின்கள் பிறகு. சென்சாரோடு பேசும் ஐ2சி கம்பிகளின் புல்-அப்புகளும் துண்டிக்கப்படும் சப்ளையோடுதான் சேர்ந்திருக்க வேண்டும். நிரந்தர சப்ளையில் தொங்கினால், தாழ்த்திய டேட்டா பின்னே கசிவுக்கு வழியாகிவிடும்.

எதிலும் இணைக்காத பின்னும் சும்மா இருக்காது. அந்தரத்தில் விட்டால் அதன் மின்னழுத்தம் நடுவில் அலைந்து, உள்ளீட்டுச் சுற்றின் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒருசேரக் கடத்தத் தொடங்கி, மின்சாரம் வீணாகும். அதனால் அத்தகைய பின்னை, எஸ்டிஎம்32 சிப் என்றால் அனலாக் நிலையிலும், எம்எஸ்பி430 என்றால் தாழ்ந்த வெளியீட்டிலும் வைத்துவிடுவார்கள்.

ஒரு கருவியின் நிரல் உங்கள் கைக்கு வந்தால், தூங்கப் போகும் கட்டளைக்கு முந்தைய பத்து வரிகளை முதலில் படியுங்கள். எழுதியவரின் தரம் அங்கே தெரிந்துவிடும்.