வீட்டுப் பத்திரமும் பழைய ஜாமீனும்: கே.ஜே. நாதன் தீர்ப்பை எப்படிப் படிப்பது?

போன வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது என் வீட்டுக் கடனுக்கான எம்.ஓ.டி. நகல் கையில் சிக்கியது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் லோன் போட்டு வீடு வாங்கிய எல்லாரிடமும் இப்படி ஒன்று இருக்கும். சார்பதிவாளர் ஆபீஸில் பதிவாகி, வில்லங்கச் சான்றிலும் ஏறியிருக்கும். கையெழுத்துப் போடும்போது யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. இப்போது பார்த்தால் கடன் தொகைக்குக் கீழே ஒரு நீளமான வாக்கியம். இந்தக் கடன் மட்டுமல்ல, வங்கிக்கு ஏற்கெனவே தரவேண்டியது, இனி தரவேண்டியது, கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ வந்து சேர்வது எல்லாவற்றுக்கும் இந்த வீடே ஈடு.

ஒரு தம்பதி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவர் முன்பு தம்பியின் பட்டறைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். பிறகு அதே வங்கியில் கடன் வாங்கி, இருவர் பெயரிலும் ஃபிளாட் வாங்குகிறார்கள். வீட்டுக் கடன் கட்டி முடிந்தது. பத்திரம் கேட்டால், "தம்பி லோன் நிக்குதே சார்" என்கிறார்கள். வங்கி செய்வது சரியா?

பழைய கடனுக்கும் ஜாமீனுக்கும் சொத்தை அடமானம் வைக்கலாம், அதில் சந்தேகமே வேண்டாம். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-வது பிரிவு, இருக்கும் கடன், வரப்போகும் கடன், பணப் பொறுப்பை உண்டாக்கக்கூடிய ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. வைக்க முடியுமா என்பதல்ல பிரச்சினை. வைத்தார்களா என்பதுதான்.

இங்கேதான் கே.ஜே. நாதன் எதிர் எஸ்.வி. மாருதி ராவ் வருகிறது. 1964-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பா ராவ் எழுதிய தீர்ப்பு. பத்திர ஒப்படைப்பு அடமானத்துக்கு மூன்று விஷயம் வேண்டும் என்றார்: கடன், பத்திர ஒப்படைப்பு, அந்தக் கடனுக்கு அந்தப் பத்திரம் ஈடு என்ற எண்ணம். பத்திரம் ஏற்கெனவே கடன் கொடுத்தவரிடமே இருந்தால், அதைத் திருப்பி வாங்கி மறுபடி கொடுக்கும் சடங்கு தேவையில்லை என்றும் சொன்னார். நியாயம்தான். ஆனால் "பத்திரம் எங்ககிட்டதானே இருக்கு" என்ற வாதத்துக்கு இந்தப் பாதியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்வது சுலபம்.

அதே தீர்ப்பின் இன்னொரு பாதியை மறந்துவிடக் கூடாது. ஒப்படைத்தாலே அடமானம் என்று சட்ட அனுமானம் எதுவும் கிடையாது. எண்ணம் என்பது ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டிய ஒரு உண்மை. அச்சடித்த படிவத்தின் ஒரு வரி அந்த உண்மைக்குச் சாட்சியம்தான், மறுக்கவில்லை. அதுவே முழு விடை ஆகிவிடுமா? ஃபிளாட் வாங்கிய நாளில் அந்தப் பழைய ஜாமீன் இரண்டு தரப்பு மனதிலும் இருந்ததா, அனுமதிக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லாவது உண்டா, ஃபிளாட்டின் மதிப்பை எந்தக் கடனுக்கு எதிராகக் கணக்கிட்டார்கள் என்று கேட்காமல், படிவத்தை மட்டும் படித்து முடித்தால் சுப்பா ராவ் சொன்ன மூன்றாவது நிபந்தனைக்கு வேலையே இல்லை.

அதே சட்டத்தின் 61-வது பிரிவு, ஒரே ஆளிடம் இரண்டு அடமானம் இருந்தாலும் ஒன்றைத் தனியாக மீட்கலாம் என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற ஓட்டைக்குத்தான் இந்த வாக்கியத்தை வடித்து வைத்திருக்கிறார்கள். ஜாமீன் விஷயத்திலோ நீதிமன்றம் கறார். மகாராஷ்டிர அரசு எதிர் டாக்டர் எம்.என். கௌல் வழக்கில் (1967), ஜாமீன்தாரரை அவர் எழுதிக்கொடுத்த சொற்களுக்கு அப்பால் இழுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஜாமீன் பத்திரத்தை இத்தனை இறுக்கமாகப் படித்துவிட்டு, அதே ஜாமீனை வீட்டின் மேல் ஏற்றும் வாக்கியத்தைத் தாராளமாகப் படிப்பது எனக்குப் பொருந்தவில்லை.

மனைவியின் பங்கு இன்னும் சிக்கல். அவர் ஜாமீன் போடவே இல்லை. "நாங்கள் தரவேண்டியது" என்றால் இருவரும் சேர்ந்தா, யாராவது ஒருவரா? 2001-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஏ.ஐ.பி. எதிர் மார்ட்டின் வழக்கில், ஒருவரின் தனிக்கடனுக்கு மற்றவரும் பொறுப்பு என்றது. அங்கே அடமானம் வைத்தவர் யார் என்ற விளக்கமே அப்படி வார்க்கப்பட்டிருந்தது. நம்மூரில் அப்படி விளக்கம் இல்லாத படிவத்துக்கு அதைப் பொருத்தினால் தவறு. ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவின் வங்கிப் பிடிமான உரிமைக்கும், ஒரே ஆட்கள் ஒரே தகுதியில் இருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2003-ல் சிட்டி யூனியன் வங்கி எதிர் தங்கராஜன் வழக்கில் சொல்லியிருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் சுற்றறிக்கை, கடன் தீர்ந்த 30 நாளில் பத்திரம் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது எல்லாருக்கும் தெரியும். 2003-ஆம் ஆண்டு நியாய நடைமுறை விதிகளை யாரும் பேசுவதில்லை. வேறு பாக்கிக்காக ஈட்டைப் பிடித்து வைத்தால், எந்தப் பாக்கி, எந்த ஆவணத்தின்படி என்று முழு விவரத்தோடு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வது நோட்டீஸ் ஆகாது. எழுத்தில் கேளுங்கள்.