இரு கணினிக்கு ஒரு மானிட்டர்: கொங்கு வீடுகளின் தேர்வு குறித்து

மேசைக் கணினி, மடிக்கணினி இரண்டுக்கும் பொதுவாக ஒரு மானிட்டர் வாங்கும் தேவை 2020 மார்ச் மாத ஊரடங்கின்போது பல வீடுகளில் எழுந்தது. கோவை டைடல் பூங்கா போன்ற இடங்களில் பணிபுரிந்தோர் அலுவலக மடிக்கணினியுடன் பொள்ளாச்சிக்கும் கோபிக்கும் திரும்பினர். தறிக்கணக்கு, பனியன் ஜாப் ஒர்க் கணக்கு என்று டேலி ஓடிக்கொண்டிருந்த மேசைக் கணினி வீட்டில் முன்பே இருந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவும் பல வீடுகளுக்கு இரண்டாவது கணினி வந்திருந்தது.

இத்தகைய வீடுகளில் மானிட்டர் தேர்வு பெரும்பாலும் அங்குலத்தில் தொடங்கி விலையில் முடிந்துவிடுகிறது. காந்திபுரத்துக் கடையிலும் இணையத்திலும் 100 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட் என்பவையே முன்னால் ஒட்டப்படுகின்றன. கணக்கு எழுதுபவருக்கும் கட்டுரை தட்டச்சு செய்பவருக்கும் இவற்றால் பெரிய பயன் இல்லை. பார்க்க வேண்டியது மானிட்டரின் பின்பக்கம்.

குறைந்த விலை மானிட்டர்கள் பலவற்றில் ஒரு எச்.டி.எம்.ஐ. வாயும் ஒரு வி.ஜி.ஏ. வாயும் மட்டுமே இருக்கும். பழைய மேசைக் கணினியை வி.ஜி.ஏ.யிலும் மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ.யிலும் இணைத்தால் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். 1987இல் வந்த வி.ஜி.ஏ.யில் எழுத்து சற்று மங்கலாம், வேலை நிற்காது. இரண்டு கணினியும் எச்.டி.எம்.ஐ. மட்டுமே கொண்டவை என்றால் நாளும் கேபிளைப் பிடுங்கிச் செருக நேரிடும். சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இரண்டு எச்.டி.எம்.ஐ. உள்ளதை வாங்குவதே சரி.

‘கன்வெர்ட்டர் போட்டுக்கலாமுங்க’ என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் சாதனம் அந்தத் திசையில் மட்டுமே வேலை செய்யும். வி.ஜி.ஏ. மட்டும் உள்ள கணினியை எச்.டி.எம்.ஐ. மானிட்டரில் இணைக்க வேறு சாதனம் தேவை. இது தெரியாமல் வாங்கியவை மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றன. யு.எஸ்.பி. சி வாயிலும் இதே ஏமாற்றம் உண்டு. வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா மடிக்கணினியிலும் அதன் வழியே படம் வராது. அந்த மாடலின் விவரக்குறிப்பில் டிஸ்பிளே போர்ட் வசதி குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

தமிழில் படிப்போர் அங்குலத்தைப் புள்ளிகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1920 x 1080 புள்ளிகள் 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 ஆக அமையும். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் விரித்தால் 82 ஆகக் குறையும். சிறிய எழுத்தில் ண, ன சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் பிசிறடிப்பது இதனால்தான். 14 அங்குல மடிக்கணினியில் இதே அளவு புள்ளிகள் 157 ஆக நெருங்கி நிற்பதால், பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குப் பெரிய திரை இன்னும் மங்கலாகத் தோன்றும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560 x 1440 உள்ளதே பொருந்தும். பணம் மிச்சம் என்று 1366 x 768 புள்ளிகள் கொண்ட 32 அங்குலத் தொலைக்காட்சியை மானிட்டராக்குவோரும் உண்டு. அதில் அங்குலத்துக்கு 49 புள்ளிகள்தான். படம் பார்க்கலாம், பாடம் படிக்க முடியாது.

இந்த ஏற்பாட்டின் பெரிய குறையைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஒரே ஆள் இரு கணினியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பொது மானிட்டர் நல்ல சிக்கனம். அப்பா அலுவலக வேலையிலும் மகள் ஆன்லைன் வகுப்பிலும் ஒரே நேரத்தில் இருக்கும் வீட்டில் அப்படியல்ல. மடிக்கணினிக்குச் சொந்தத் திரை உண்டு. மேசைக் கணினிக்கு இல்லை. அப்பாவின் மடிக்கணினி மானிட்டரைப் பிடித்துக்கொண்டால் மகளின் கணினி குருடாகிவிடும். அத்தகைய வீட்டில் மானிட்டர் முதலில் மேசைக் கணினிக்கே உரியது. இருவருக்கும் நாள் முழுவதும் பெரிய திரை தேவையென்றால், விலை கூடிய ஒரு மானிட்டரைவிட எளிய 22 அங்குல மானிட்டர்கள் இரண்டு மேல்.

ஒலியையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். எச்.டி.எம்.ஐ.யில் இணைத்ததும் மடிக்கணினியின் ஒலி மானிட்டருக்குப் போய்விடக்கூடும். மலிவு மானிட்டர்கள் பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. கணினி அமைப்பில் ஒலியை மடிக்கணினியின் ஸ்பீக்கருக்கே திருப்பிவிட்டால் போதும்; பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.