உலர்ந்த தூரிகையில் ஓர் ஆறு

இங்கிலாந்தின் தென்கரையில், சசெக்ஸ் பகுதியின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, கக்மியர் என்ற சிற்றாறு கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகப் பள்ளத்தாக்கை எரிக் ராவிலியஸ் 1939-இல் நீர்வண்ணத்தில் தீட்டினார். ஓவியத்தின் பெயர் ‘கக்மியர் ஹேவன்’. அவர் வளர்ந்த ஈஸ்ட்போர்ன் நகரின் டவுனர் கலைக்கூடத்தில் அது இருக்கிறது.

முதல் பார்வைக்கு வெளிறித்தான் தெரியும். அவசரப்பட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதிக வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் மங்கிவிடும் என்பதால் கலைக்கூடங்கள் விளக்கொளியை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்தே வைக்கின்றன. கண் பழகட்டும். பிறகு வளைந்து வளைந்து கடலுக்குப் போகும் ஆற்றைப் பார்வையால் பின்தொடரலாம். எந்த வளைவிலும் வேகமே இல்லை.

அது ஓவியரின் கற்பனை அல்ல. 1840-களிலேயே இங்கே நேர்க்கால்வாய் வெட்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டார்கள். ராவிலியஸ் வரைய வந்தபோது அந்த வளைவுகளில் ஆற்றோட்டம் நின்று ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகியிருந்தன. தேங்கி நிற்கும் நீரின் அமைதியைத்தான் அவர் தீட்டியிருக்கிறார். இது தெரிந்தபின் படத்தின் நிசப்தமே வேறாகிவிடும்.

அடுத்து, கிட்டே போக வேண்டும். ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ணங்களில் நிறம் ஈரத்தில் பரவி, ஒன்றோடொன்று கரையும். ராவிலியஸ் அதற்கு நேர் எதிர். தூரிகையில் ஈரத்தை வற்றவிட்டு, மெல்லிய கோடுகளை அருகருகே இழுத்தார். மரச்செதுக்கு ஓவியத்தில் தேர்ந்தவர் அவர். உளி பிடித்த கையின் பழக்கம் தூரிகையிலும் தெரிகிறது. கோடுகளுக்கு இடையே வெறும் தாள் எட்டிப் பார்க்கும். படத்தின் வெளிச்சம் பெரும்பாலும் அந்தத் தாளின் வெண்மைதான். இந்த முறையை வறட்சி என்று குறை சொல்லலாம். ஆனால் மேலே மெல்லிய புல்லும் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புமாக இருக்கும் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

அதே 1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. எதிரி கரையிறங்கக்கூடும் என்ற அச்சத்தில் பள்ளத்தாக்கில் கான்கிரீட் காவலரண்கள் எழுந்தன. சில இன்றும் நிற்கின்றன. போர்க்கால ஓவியராகப் பணியாற்றிய ராவிலியஸ், 1942 செப்டம்பரில் ஐஸ்லாந்து அருகே விமானத்தோடு காணாமல் போனார். அவருக்கு வயது 39.

நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் நல்ல அச்சுப்பதிப்பைத் தேடிப் பிடிக்கலாம். கைப்பேசித் திரையில் நிறங்கள் தூக்கலாகிவிடும், தாளின் சொரசொரப்பும் தெரியாது. கோடு கோடாகத் தூரிகைத் தடங்களைப் பிரித்துப் பார்க்க முடிந்தால், அந்தப் பதிப்பை நம்பி வாங்கலாம்.