'கேஷ் ஆன் டிமாண்டு' திரைப்படமும் முன்னிலைச் சொல்லின் மொழிபெயர்ப்பும்

திகில் படங்களால் பெயர்பெற்ற ஹேமர் நிறுவனம் 1961இல் குறைந்த செலவில் கறுப்பு வெள்ளையில் உருவாக்கிய குற்றப்படம் 'கேஷ் ஆன் டிமாண்டு'. ஜாக் கில்லிஸ் எழுதி 1960இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் திரைவடிவம் இது. இயக்கியவர் குவென்டின் லாரன்ஸ். சிக்கனம் கருதிக் கதை ஏறத்தாழ முழுவதும் ஒரு சிறுநகர வங்கிக்குள்ளேயே நடக்கிறது. துரத்தல் காட்சிகளுக்கு இடமில்லாமையால் கொள்ளையே உரையாடலாக நிகழ்கிறது. மொழிபெயர்ப்பாளரின் கவனத்திற்கு இப்படம் உரியதாவது இக்காரணத்தாலேயே.

கிறிஸ்துமசை ஒட்டிய ஒரு நாளில் காப்பீட்டு நிறுவன அலுவலராகத் தம்மைக் கூறிக்கொண்டு கர்னல் கோர் ஹெப்பர்ன் வங்கிக்கு வருகிறார். மேலாளர் ஃபோர்டைஸின் மனைவியும் மகனும் தம் ஆட்களிடம் சிக்கியிருப்பதாகக் கூறி, அவர் கையாலேயே பெட்டகத்தைத் திறக்க வைக்கிறார். 1959இல் ஹோம்சாகவும் வாட்சனாகவும் நடித்த பீட்டர் குஷிங்கும் ஆந்த்ரே மொரெலும் இங்கு மேலாளராகவும் கர்னலாகவும் எதிரெதிரே அமர்கின்றனர். இம்முறை வாட்சனின் கையே ஓங்குகிறது.

கர்னலின் பேச்சில் இன்முகம் குறைவதில்லை. ஊழியரை நடத்தும் முறை குறித்து மேலாளருக்கு அறிவுரையும் கூறுகிறார். ஆங்கில முன்னிலைச் சொல் ஒன்றே ஆதலின் மதிப்பும் இழிவும் அதனுள் மறைந்து கிடக்கின்றன. தமிழிலோ வினைமுற்றே அதனை வெளிப்படுத்திவிடும். மிரட்டல் தொடங்கியதும் கர்னலை 'நீ'க்கு மாற்றுவது தமிழ்த் திரை உரையாடலில் பழகிய வழி. இப்படத்திற்கு அது பொருந்தாது. 'நீ' எனப் பேசும் கொள்ளையன் எங்கும் உள்ளவன். 'நீங்கள்' என்றே கொலையைப் பேசுபவனிடம்தான் அச்சம் பிறக்கிறது. எண், இடம் காட்டாத '-லாம்' ஈறும் இங்குக் கைகொடுக்கும். 'பெட்டகத்தைத் திறக்கலாமே' என்பது வேண்டுகோள் போலவும் கட்டளை போலவும் ஒலிக்கும்.

இதனினும் கடினமானது, மேலாளர் தலைமை எழுத்தர் பியர்சனிடம் பேசும் பேச்சு. குடும்பப் பெயரை மட்டும் கூறி அழைப்பது அக்கால ஆங்கில அலுவலகத்தில் அவமதிப்பன்று. தமிழில் வெறும் பெயர் அவமதிப்பாகவே கேட்கும். ஆண்டுக்கணக்கில் உடன் பணியாற்றியவரை வேலைநீக்க அச்சத்தில் வைக்கும் அக்குளிர்ச்சிக்கு, 'வாரும்', 'சொல்லும்' என வரும் 'நீர்' வழக்கே நெருங்கியது. கிறித்தவ மன்றாட்டில் அதே சொல் இறைவனுக்கு உரியதாவதும், நெல்லை வழக்கில் அது நட்புரிமை கொள்வதும் தடைகள்தாம். எனினும் அலுவலகச் சூழல் அவ்வேறு பொருள்களைப் பெரும்பாலும் விலக்கிவிடும்.

இத்தேர்வின் பயன் இறுதிப் பகுதியில் புலப்படும். ஐயுற்ற பியர்சன் காவல்துறைக்குத் தகவல் தந்துவிட, குடும்பத்தைக் காக்க வாய்திறவாதிருக்குமாறு ஃபோர்டைஸ் அவரிடமே மன்றாடுகிறார். குஷிங்கின் குரல் உடைகிறது. ஆங்கிலச் சொல் மாறவில்லை. தமிழில் 'நீர்' அவ்விடத்தில் 'நீங்கள்' ஆகவேண்டும். மூலத்தில் இல்லாத மாற்றம் என மறுப்போர் உளர். நடிப்பும் மூலத்தின் பகுதியே என்பது அவர்க்கு விடை. குடும்பத்தைப் பற்றிக் கர்னல் கூறியவை பொய் என்பது பின்னரே தெரியவருகிறது. அதற்குள் ஃபோர்டைஸ் தம் ஊழியரிடம் 'நீங்கள்' எனக் கூறியிருப்பார்.