அகராதித் தரவுத்தளத்தில் தொடர்களின் இடம்: கிளிங்கான் வகைப்பாடும் தமிழ் அகராதி மரபும்

அச்சிட்ட அகராதியில் ஒரு சொல்லின் இலக்கண வகையைச் சுட்டும் சுருக்கக் குறியீடு படிப்பவருக்கு ஒரு துணை மட்டுமே. அதே அகராதி கணினித் தரவுத்தளமாகும்போது அக்குறியீடு தேடலின் வாயிலாகிவிடுகிறது. வகை பிழைத்த பதிவு தேடுவோர்க்குக் கிட்டாமற் போகும். ஆகவே சொற்களையும் தொடர்களையும் வகைப்படுத்தும் முறை மொழிபெயர்ப்பாளரை நேரே பாதிக்கும் சிக்கலாகும். இதற்குச் செயற்கை மொழியொன்றின் அகராதி காட்டும் தீர்வு தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

'ஸ்டார் டிரெக்' திரைப்படங்களுக்காக அமெரிக்க மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியின் அகராதி 1985இல் வெளிவந்தது. அது சொற்களைப் பெயர், வினை, ஏனையவை என மூன்றாகப் பகுக்கிறது. மூன்றாம் வகைக்கு அம்மொழியில் வழங்கும் பெயர் 'சுவ்மேய்'; எஞ்சியவை என்பது அதன் பொருள். பெயரடை எனத் தனிவகை இல்லை. பண்பை உணர்த்துவனவும் வினைகளே. தமிழ் மரபு அறிந்தோர்க்கு இப்பகுப்பு புதியதன்று. தொல்காப்பியப் பெயரியலும் சொல்லைப் பெயர், வினை என இரண்டாகவே கொண்டு, இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வருவன என்கிறது. எனினும் அவ்விரண்டையும் எஞ்சியவை என ஒதுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி இயல் வகுத்துள்ளமை கருதத்தக்கது.

கிளிங்கான் தரவுத்தளங்களின் சிறப்பு தொடர்களைக் கையாளும் முறையில் உள்ளது. 'பொக்வி' என்னும் செயலியின் தரவில் தொடர் எதன்கீழும் அடங்காத தனிப்பதிவாகும். பழமொழி, மரபுத்தொடர், வசை முதலிய உட்பிரிவுகளும் உண்டு. தொடரின் உறுப்புச் சொற்கள் தனிப்புலத்தில் சுட்டப்படுவதால், எச்சொல்லிலிருந்தும் தொடரை அடையலாம்.

தமிழ் அகராதிகளில் தொடர் பெரும்பாலும் தலைச்சொல்லைச் சார்ந்தே நிற்கிறது. பப்ரீசியசின் அகராதி தொடர்களை முதற்சொல்லின்கீழ் அடுக்குகிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 'கைகொடு-த்தல்' போன்றவற்றைத் தனித் தலைச்சொற்களாக்கியது. இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் அங்கும் கிடைக்கும் வகைக்குறிப்பு வினை என்பது மட்டுமே. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இக்கால வழக்கை முதன்மைப்படுத்தியது. இவற்றுள் பழையன சில இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் தேடத்தக்க வடிவில் உள்ளன. அச்சு வடிவின் அமைப்பே அங்கும் தரவின் அமைப்பாக நிலைபெற்றுள்ளது.

இதன் விளைவை 'போய் வருகிறேன்' என்னும் தொடர் விளக்கும். இதனைப் 'போ' என்பதன்கீழ்த் தேடுவதா, 'வா' என்பதன்கீழ்த் தேடுவதா? வினை எனக் குறித்தாலும் செய்தி பாதியே. இது விடைபெறும் வழக்கு. 'போகிறேன்' என்பது அமங்கலம் எனக் கருதும் பண்பாடு இதன் பின்னணி. இவ்விரண்டையும் தெரிவிக்காத பதிவை நம்பும் மொழிபெயர்ப்பாளர், விருந்தினர் திரும்பி வரப்போவதாகவே எழுதிவிடக்கூடும்.

கிளிங்கான் முறையை அப்படியே ஏற்பதும் இயலாது. அம்மொழியின் சொற்றொகை சிறியது. அதற்கு அதிகாரம் உடையவர் ஒருவரே. மேலும், தமிழ்த் தொடர்கள் திரிபு ஏற்பவை. விடைபெறுவோர் பலராயின் 'போய் வருகிறோம்' என்பர். விடைகொடுப்பவர் 'போய் வாருங்கள்' என்பார். இவற்றை வெவ்வேறு பதிவுகளாக்கினால் தரவு பெருகும். ஒன்றாக்கினால் பேசுபவர் யார் என்னும் வேறுபாடு மறையும்.

எனவே தமிழ்த் தரவுத்தளத்தில் ஒரு தொடருக்கு மூன்று புலங்கள் தேவை: இலக்கண வகை, பயன்பாட்டு வகை, உறுப்புச் சொற்கள். திரிபு வடிவங்கள் ஒரே பதிவின்கீழ் நின்று, ஒவ்வொன்றையும் யார் யாரிடம் கூறுவர் என்னும் குறிப்பைப் பெறவேண்டும். இலக்கண வகையைத் தருவதற்கு மரபிலக்கணம் உண்டு. பயன்பாட்டு வகையை வரையறுப்பதே அகராதியியலாளர்முன் உள்ள பணி எனலாம்.